கரண்ட் இல்லாத அறையிலிருந்து ஓர் அழைப்பு

இண்டர்காம் போனை ஜெயசித்ரா துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். இறந்தவர் முகத்தை மூடுவது போல, நான்கு பக்கமும் இழுத்துவிட்டு.

"எடுத்துப் பாக்கவா?" என்று கேட்டாள் முத்துவடிவு.

"வேண்டாம் மேடம். அதைத் தொட்டா அடிச்சிருமோன்னு இருக்கு."

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் இருக்கிறது வேணி நிவாஸ். கணவன் போன பிறகு அந்த லாட்ஜை ஜெயசித்ராதான் நடத்தி வருகிறாள். சீசன் ஞாயிற்றுக்கிழமை. ரோட்டில் ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஜனம் நெரிந்துகொண்டு போனது. சாரல் நின்றபாடில்லை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மலைப்பக்கம் மேகம் இறங்கி, ரிசப்ஷனில் விளக்கு போட வேண்டியதாயிற்று.

முத்துவடிவு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேலதிகாரி ஒருவரோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டுத் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அலுவலகத்தில் இரண்டே பேர். இன்னொருவன் முகம்மது ஆசிக். ஷார்ஜாவில் கட்டடம் கட்டடமாகக் கேமரா மாட்டிவிட்டு ஊர் திரும்பியவன். வாய் ஓயாது. பயம் வந்தால் இன்னும் ஓயாது.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் முத்துவடிவு.

"பின்னால மேட்டுல ஒரு கட்டடம் இருக்கு. மேல்கட்டடம்னு சொல்லுவோம். போன சீசன்ல அங்கன பதினாலாம் நம்பர் ரூம்ல ஒரு காலேஜ் பையன் தங்கியிருந்தான். ஹீட்டர்ல ஷாக் அடிச்சு, பாத்ரூம்லேயே…" ஜெயசித்ரா நிறுத்தினாள். "அன்னைக்கே அந்தக் கட்டடத்துக்கு கரண்டைத் துண்டிச்சாச்சு. ஃப்யூஸ் எல்லாம் பிடுங்கி ஆபீஸ்ல இருக்கு. ஒரு வருஷமா அங்கன யாரும் போறதில்ல. கேஸு நடக்கு."

"சரி."

"நேத்து சாயங்காலம் இந்த போன் அடிச்சிருக்கு. முப்பிடாதியக்கா எடுத்தா. போன்ல நம்பர் காட்டுமில்ல, பதினாலுன்னு காட்டுச்சாம்."

சமையல்கட்டு வாசலில் நின்ற முப்பிடாதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாட்ஜில் சமையல் அவள் பொறுப்பு. "மூச்சு மட்டுந்தாம்மா கேட்டுச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு. அப்புறம் ம்ம்ம்னு ஒரு சத்தம். நான் போனைப் போட்டுட்டு ஓடிட்டேன்."

"அவ சொன்னதை நான் நம்பல" என்றாள் ஜெயசித்ரா. "இன்னைக்குக் காலையில நானே எடுத்தேன். அதே மூச்சு. அதே பதினாலு. கரண்டு இல்லாத ரூம்ல இருந்து எப்படி மேடம் போன் வரும்? அந்தப் பையன்தான் என்னைக் கூப்பிடுதான்னு தோணிச்சு. என் லாட்ஜுலதானே செத்தான்."

ஆசிக் தொண்டையைக் கனைத்தான். "யக்கா, ஆளைத் துப்பறியுறதுக்குத்தான் நமக்குச் சம்பளம். ஆவின்னா அதுக்குத் தனி ரேட் பேசணும். முன்பணமா வாங்கிரணும், திரும்பி வருவோமான்னு தெரியாதுல்லா."

"சும்மா இருலே." முத்துவடிவு ஜெயசித்ராவிடம் திரும்பினாள். "வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான். மேனேஜர்கிட்டகூடச் சொல்லல. அவரு பேய் பிசாசுன்னா சத்தம் போடுவாரு. காலையில அந்த போன் வந்தப்போ அவரு ரிசப்ஷன்ல இல்ல. அப்புறம் பாவூர்சத்திரத்துக்குக் காய்கறி எடுக்கப் போனவரு இன்னும் வரல. எங்க எலக்ட்ரீஷியன் ஆதம் இருந்தா போனைக் கழற்றிப் பாத்துச் சொல்லியிருப்பான். அவனும் கல்ஃபுக்குப் போயிட்டானாம்."

ஆசிக் நிமிர்ந்தான். "யாரு, கடையநல்லூர் ஆதம் பாயா? ராட்டினத்துல ஏறுனாலே வாந்தி எடுக்குத மனுசன். எங்க கூட்டத்துல பாதிப்பேரு ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டும் பிளேனுக்குப் பயந்தே வரமாட்டேன்னாரு. அவரா போனாரு?"

"மேனேஜர்தான் சொன்னாரு. சனோபர், அவன் பொண்டாட்டி, ரெண்டு தடவை இங்கன வந்து அழுதுட்டுப் போனா. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானாம்."

முத்துவடிவு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தது. கட்டம் கட்டமாக லாட்ஜின் கேமராப் படங்கள். ஒரு கட்டத்தில், பின்பக்கம் மேட்டுக்கு ஏறும் கல்படிகளும் அதன் முடிவில் மேல்கட்டடத்துத் தாழ்வாரமும் தெரிந்தன. பூட்டிய கதவுகள். பாசி பிடித்த சுவர். மழைக்கோடுகள்.

வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தவர் மேனேஜர் குற்றாலீஸ்வரன். ஐம்பதைத் தொடும் வயது. நெற்றியில் திருநீறு, வெள்ளை வேட்டி, எதிரே இருப்பவரை உடனே உட்காரச் சொல்லும் மரியாதை.

"யாரு, கெஸ்டா? ரூம் பாத்தாச்சா?"

ஜெயசித்ராவால் இனிமேலும் அடக்க முடியவில்லை. போன் வந்ததைச் சொல்லிவிட்டாள். மூச்சைச் சொன்னாள். இவர்கள் யாரென்றும் சொன்னாள்.

"எந்த ரூம்னு காட்டுச்சு?" என்றார் குற்றாலீஸ்வரன்.

"பதினாலு."

அவர் குடையை மெதுவாக மடக்கினார். பிறகு சிரித்தார். "அந்த போன் செத்து மாசக்கணக்காகுதும்மா. இந்த சீசன் ஆரம்பத்துலகூடப் பாத்தேன், வெளிச்சமே இல்ல. யாரோ கொழுப்பெடுத்தவன் உள்ள ஏறி விளையாடுதான். நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"நாங்களும் வாரோம்" என்றாள் முத்துவடிவு.

"படி பூராம் பாசி மேடம். வழுக்கி விழுந்தா எனக்குல்லா கெட்ட பேரு. டீ குடிங்க, இதோ வந்துருதேன்."

பக்கத்தில் இருந்த ஆபீஸ் அறைக்குள் போய், சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். பின்வாசல் வழியாக இறங்கிப் போனார். நல்ல தைரியசாலி என்று முப்பிடாதியம்மாள் முணுமுணுத்தாள்.

"யாரோ இவங்களை லாட்ஜை விட்டு விரட்டப் பாக்கான்" என்று ஆசிக் ஆரம்பித்தான். "மேல ஒளிஞ்சிருந்து மூச்சு விடுதான். மூச்சு விடுறதுக்கு ஆள் வைக்கிற காலம் வந்தாச்சு…"

"டிவியைப் பாரு" என்றாள் முத்துவடிவு.

பின்பக்கக் கேமராவின் கட்டம் கறுப்பாகியிருந்தது.

"அது அப்படித்தான் மேடம்" என்றாள் ஜெயசித்ரா. "மழைக்கு அடிக்கடி போயிரும். மேனேஜர்தான் சரி பண்ணுவாரு."

நான்கு பேரும் அந்தக் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும். டீ ஆறிக்கொண்டிருந்தது.

துண்டுக்குள்ளிருந்து போன் அடித்தது.

முப்பிடாதியம்மாள் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெயசித்ராவின் கை முத்துவடிவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. முத்துவடிவு மறு கையால் துண்டை உருவினாள். சின்னத் திரையில் வெளிச்சம். 14.

ரிசீவரை எடுத்தாள்.

மூச்சு. மூக்கு வழியாக மட்டும் வரும் மூச்சு, அவசரமாக, சளி கரகரக்க. அதன் நடுவே மூடிய வாய்க்குள்ளிருந்து ஒரு முனகல். முத்துவடிவின் பிடரி சிலிர்த்தது. இருபது வருஷத்தில் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள்தான். உயிரோடு இருக்கிற எதுவும் இப்படி மூச்சுவிட்டு அவள் கேட்டதில்லை.

"ஆசிக், கரண்டு இல்லாம இது எப்படிப் பேசுது? சீக்கிரம் சொல்லு."

ஆசிக் ஏற்கனவே ஆபீஸ் அறைக்குள் ஓடியிருந்தான். "இங்கன ஸ்விட்ச்சு இருக்கு யக்கா."

"லைட்டு போடுத ஸ்விட்ச்சா?"

"இது நெட்வொர்க் ஸ்விட்ச்சு, வேற சாதி. இங்கன வந்து பாருங்க."

ரிசீவரின் நீளச் சுருள்வயரை இழுத்தபடி அவள் ஆபீஸ் வாசல்வரை போனாள். சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீலக் கேபிள், மேலே ஒரு குட்டி விளக்கு.

"லாட்ஜுல உள்ள கேமரா, போன் எல்லாத்துக்கும் இந்தப் பெட்டியில இருந்துதான் கேபிள் போகுது. அந்த ஒத்தக் கேபிள்லயே பேச்சும் போகும், கரண்டும் போகும். பதினாலாம் ரூம்ல பிளக் பாயிண்டே வேண்டாம். அங்கன ஃப்யூஸைப் பிடுங்கினாங்க சரி, இந்தப் பெட்டி கீழ யுபிஎஸ்ல ஓடிக்கிட்டுல்லா இருக்கு." ஆசிக் கடைசித் துளையைத் தொட்டான். அதன் மேல் 14 என்று எழுதியிருந்தது. விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. "இந்தா, கரண்டு போய்க்கிட்டிருக்கு. சும்மாவும் போகாது. அந்தப்பக்கம் ஒரு மெஷின் இருக்கான்னு முதல்ல லேசாத் தொட்டுப் பாக்கும். இருக்குன்னு பதில் வந்தாத்தான் கரண்டை விடும்."

"அப்படின்னா மேனேஜர் ஏன் செத்த போனுன்னாரு?"

"அதான் எனக்கும்…" அவன் கண்கள் துளைகளின் வரிசையில் ஓடின. "எம்மா, சுத்துற கேமரா எப்ப மாட்டுனீங்க?"

"இந்த சீசனுக்கு முன்னாடிதான்" என்றாள் ஜெயசித்ரா. "ரெண்டு."

"அப்ப சரி. இந்தப் பெட்டி மொத்தமா இவ்வளவு கரண்டுதான் குடுக்கும்னு ஒரு அளவு உண்டு யக்கா. கல்யாணப் பந்தி மாதிரி. முதல் இலையில இருந்து பரிமாறிக்கிட்டு வருவான். சுத்துற கேமரா ரெண்டும் பெருந்தீனி. கடைசி இலைக்கு வரும்போது சட்டி காலி. பதினாலுதான் கடைசி இலை. அதனால அந்த போன் பட்டினி, செத்த மாதிரி கெடக்கும்."

"இப்ப எப்படிச் சாப்பாடு வந்துச்சு?"

ஆசிக் பெட்டிப் பக்கம் குனிந்தான். கையை நீட்டிக் காட்டினான். நடுவில் ஒரு துளை காலியாக இருந்தது. மேலே 'பின்பக்கம்' என்று எழுதியிருந்தது. அதற்கான கேபிள் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பெருந்தீனிக்காரன் எந்திரிச்சுட்டான்" என்றான். குரலில் வேடிக்கை இல்லை. "மழைக்குப் போகல யக்கா. மழை கேபிளை உருவாது."

முத்துவடிவு ஒரு கணம் அந்தக் கேபிளைப் பார்த்தாள். சற்று முன் இந்த அறைக்குள் வந்துபோனது ஒரே ஒருவர். தான் படியேறுவது படத்தில் பதியக்கூடாது என்று நினைக்கிற ஒருவர். ஒவ்வொரு தடவையும் அவர் கேமராவை அணைத்துவிட்டு மேலே கிளம்பும்போது, அவருக்கே தெரியாமல் அங்கே ஒரு போன் உயிர்பெற்றிருக்கிறது.

"முப்பிடாதியக்கா, நேத்து போன் வந்தப்போ டிவியில இந்தக் கட்டம் எப்படி இருந்துச்சு?"

"கறுப்பாத்தாம்மா இருந்துச்சு."

"மேனேஜர்?"

"அந்நேரம் அவரு இங்கன இல்ல."

ரிசீவரில் மூச்சு வேகமாகிக்கொண்டிருந்தது. பயமுறுத்த வேண்டும் என்று நினைப்பவன் சிரித்திருப்பான், ஊளையிட்டிருப்பான். இந்த ஆள் வாயையே திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

முத்துவடிவு வாயை ரிசீவரோடு ஒட்டவைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். "நான் போலீஸ்ல இருந்தவ. பயப்படாத. உன் வாயைக் கட்டியிருக்காங்களா? ஆமான்னா ரெண்டு தடவை மூச்சு விடு."

புஸ். புஸ்.

ஜெயசித்ராவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் கண்களில் நீர் திரண்டது.

"நீ ஆதமா?"

புஸ். புஸ்.

"கட்டிப் போட்டது குற்றாலீஸ்வரனா?"

இரண்டு மூச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. பின்னாலேயே அழுகை, மூக்குக்குள்ளேயே அடைபட்ட அழுகை.

"நாளைக்குக் கோர்ட்டுல ஆதம் சாட்சி சொல்லணும்" என்றாள் ஜெயசித்ரா. உதடுகள் வெளுத்திருந்தன. "ஹீட்டர்ல கரண்டு கசிஞ்சா தானா அணையுற டிரிப்பர் ஒண்ணு உண்டு. அது அடிக்கடி அணையுதுன்னு அதைக் கழற்றி நேரா வயர் குடுக்கச் சொன்னது மேனேஜர்தான்னு ஆதம் போலீஸ்ல சொல்லியிருக்கான். நான் நம்பல மேடம். மேனேஜரைத்தான் நம்பினேன். விவரம் தெரியாம அவரை நானே மேல அனுப்பிட்டேனே."

"அவரு இப்ப எங்கன இருப்பாரு?"

"வழியில பம்ப் ரூம் இருக்கு. அதைத் தாண்டிப் படி."

முத்துவடிவின் மூளை ஓடியது. இதுவரை அந்த ஆள் போனைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது அதைப் பார்ப்பதற்கென்றே போகிறார். கதவைத் திறந்ததும் வெளிச்சமாக இருக்கும் போனைப் பார்த்தால் ஆதமுக்கு ஆயுசு அவ்வளவுதான்.

"ஆசிக், அந்தக் கேபிளைத் திரும்பச் சொருகினா?"

"கேமரா சாப்பிட உக்காந்துரும். பதினாலு பட்டினி. போன் செத்துரும்."

"வேண்டாம் மேடம்" என்று ஜெயசித்ரா அவள் கையைப் பிடித்தாள். "அவன் நம்மளை நம்பித்தானே கூப்பிடுதான். பாதியில விட்டா என்ன நினைப்பான்?"

முத்துவடிவு ரிசீவரில் சொன்னாள். "ஆதம், கேளு. உன் போன் இப்ப அணைஞ்சு போயிரும். நான்தான் அணைக்கப் போறேன். அந்த ஆளு வந்து பாக்கும்போது அது செத்துக் கெடக்கணும். நாங்க உன்னை விட்டுட்டுப் போகல. மேல வந்துக்கிட்டிருக்கோம். புரியுதா?"

வெகுநேரம் போலத் தோன்றியது. பிறகு இரண்டு மூச்சு.

அவள் தலையசைத்தாள். ஆசிக் கேபிளைச் சொருகினான். க்ளிக். 14-க்கு மேலிருந்த ஆரஞ்சு விளக்கு அணைந்தது. அடுத்த மூச்சு பாதியில் அறுந்தது. ரிசீவரில் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருப்பது, மூச்சைக் கேட்டதைவிடப் பயங்கரமாக இருந்தது.

குற்றாலம் ஸ்டேஷனுக்கு முத்துவடிவு செல்போனில் நான்கு வரி பேசினாள். அவள் பேசி முடிப்பதற்குள் டிவியில் கறுப்புக் கட்டம் ஒருமுறை துடித்தது. படம் வந்தது.

தாழ்வாரத்தில் குற்றாலீஸ்வரன் நின்றிருந்தார். கேமராவுக்கு முதுகு. இடது கையில் சாவிக்கொத்து. வலது கையில், பம்ப் ரூமிலிருந்து எடுத்த முழங்கை நீளப் பைப் ஸ்பேனர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பதினாலாம் கதவைத் திறந்து உள்ளே போனார்.

"ஆசிக், குடையை எடு. ஜெயசித்ரா, கவனமாக் கேளுங்க. இனி இந்த டிவியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. தாழ்வாரத்துல நான் என் குடையை மடக்குவேன். மடக்கினதும் அந்தக் கேபிளை உருவுங்க. கடைசி விளக்கு எரிஞ்சதும், கொஞ்சம் பொறுத்து, பதினாலுக்கு போன் அடிங்க. ஒரு தடவை கிடைக்கலன்னா திரும்பத் திரும்ப அடிங்க. செய்வீங்களா?"

"எனக்குக் கை நடுங்குது மேடம்."

"நடுங்கட்டும். நடுங்குத கையாலயும் கேபிளை உருவலாம்."

படிகள் நிஜமாகவே வழுக்கின. இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து, பகல் பகலாகவே இல்லை. அருவிச் சத்தம் வேறெதையும் கேட்கவிடாமல் அடித்தது. பின்னால் யாராவது வந்தாலும் தெரியாது. ஆசிக் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஏறினான்.

"யக்கா, அவரு இந்நேரம் அடிச்சிருந்தா?"

"நடலே."

"நமக்கு ஆயுதம்?"

"குடை."

"குடையா? ஷார்ஜாவுல ஏசி ரூம்ல இருந்தவனை…" என்றவன் முடிக்கவில்லை. தாழ்வாரம் வந்துவிட்டது.

பதினாலாம் கதவு திறந்தது. குற்றாலீஸ்வரன் வெளியே வந்து, கதவை இழுத்துப் பூட்டினார். இவர்களைப் பார்த்ததும் வலது கை முதுகுக்குப் பின்னால் போனது. முகத்தில் மட்டும் அதே மரியாதை.

"வராதீங்கன்னு சொன்னேன்லா மேடம்."

முத்துவடிவு அவரது வேட்டியைப் பார்த்தாள். ரத்தம் இல்லை. ஸ்பேனர் பிடித்த முழங்கை அசையாமல் இருந்தது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை; அல்லது நடந்ததற்கு அடையாளம் இல்லை.

"பயமாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. ஆனா கீழ அந்தம்மா அழுகையை நிறுத்தல. யாராச்சும் இருந்தானா?"

"ஆளும் இல்ல, ஆவியும் இல்ல. போனைத் தூக்கி ஆட்டிப் பாத்தேன். செத்துத்தான் கெடக்கு. பொம்பளைங்க மனசுப் பிராந்தி."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் முத்துவடிவு. குடையை மடக்கினாள்.

தாழ்வாரத்துக் கூரையிலிருந்து தண்ணீர் அவள் தோளில் கொட்டியது. குற்றாலீஸ்வரனின் புருவம் உயர்ந்தது. "உள்ள தள்ளி நில்லுங்க மேடம், நனையுதீங்களே."

"ஊர் வெக்கைக்கு இது நல்லாத்தான் இருக்கு." அவள் தூணில் சாய்ந்தாள். கேபிளை உருவியிருப்பாளா? கடைசி விளக்கு எரிந்திருக்குமா? போன் கண் விழிக்கச் சற்று நேரம் ஆகும் என்று ஆசிக் சொல்லியிருந்தான். அந்தச் சற்று நேரம் முழுக்க இந்த மனிதரை இங்கேயே நிறுத்தியாக வேண்டும். "இந்தக் கட்டடத்தை இடிச்சிரலாமே அண்ணாச்சி?"

"கேஸு முடியட்டும்னு இருக்கோம். வாங்க, கீழ போவோம்."

அவர் ஓரடி எடுத்து வைத்தார். முத்துவடிவு ஆசிக்கைப் பார்த்தாள். ஆசிக் படியை மறித்து நின்றான். வாய் திறந்தது.

"அண்ணாச்சி, பாவூர்சத்திரத்துல கத்திரிக்காய் என்ன விலை?"

"என்ன?"

"இல்ல, எங்க வாப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு. வெள்ளைக் கத்திரிக்காயா, வரிக் கத்திரிக்காயான்னு சொல்லல. வரின்னா உள்ள புழு இருக்கும்ல, வெளியே பாத்தா தெரியாது. மினுமினுன்னு இருக்கும். மரியாதையா இருக்கும்."

குற்றாலீஸ்வரன் அவனை உற்றுப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. "தம்பி, வழியை விடு."

முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வரத் தொடங்கியது. ஆசிக் கண்ணை மூடிக்கொண்டான்.

பூட்டிய கதவுக்குள் போன் அடித்தது.

கரண்ட் இல்லாத கட்டடம். அவர் கையால் தூக்கி ஆட்டிவிட்டு வந்த போன். அது அடித்துக்கொண்டே இருந்தது. குற்றாலீஸ்வரனின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். பேயை நம்பாத அந்த மனிதரின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கதவுக்குள்ளிருந்து, மணிச் சத்தத்துக்கு ஊடே, ம்ம்ம் என்ற முனகல் ஓங்கி எழுந்தது.

அவர் அப்படித் திகைத்து நின்ற அந்த நேரம் போதுமானதாக இருந்தது. முத்துவடிவு குடைக் கைப்பிடியை அவர் மணிக்கட்டில் மாட்டி இழுத்தாள். ஸ்பேனர் தரையில் விழுந்து உருண்டது. அவர் அவளைத் தள்ளிவிட்டுப் படிக்குப் பாய்ந்தார். ஆசிக் கண்ணைத் திறக்காமலேயே அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இரண்டு பேரும் பாசியில் வழுக்கி, நான்கு படி உருண்டு, ஒரு மரத்தில் முட்டிக் கிடந்தார்கள். ஆசிக் மேலே இருந்தான். விடவில்லை. குற்றாலீஸ்வரன் அவன் காதருகே கத்திய எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் ஏறிவந்து பிரித்து எடுக்கும்வரை அவன் விடவில்லை.

"கண்ணைத் திறலே" என்று ஒரு ஏட்டு சொன்ன பிறகுதான் திறந்தான்.

முத்துவடிவு சாவியைப் பொறுக்கிக் கதவைத் திறந்தாள். அடைபட்ட நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டிலோடு சேர்த்துக் கைகள் கட்டப்பட்டு, வாயில் பிளாஸ்திரி சுற்றப்பட்டு, தாடி வளர்ந்த ஒரு மெலிந்த மனிதன். தலைமாட்டு மேசையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் முதலில் அதை எடுத்தாள்.

"கிடைச்சாச்சு ஜெயசித்ரா. உயிரோட இருக்கான். போதும், வச்சிருங்க."

மறுமுனையில் ஜெயசித்ரா வைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். முத்துவடிவு ரிசீவரை மேசைமீது அப்படியே கிடத்திவிட்டுப் பிளாஸ்திரியைப் பிரித்தாள். தோலோடு வந்தது. ஆதம் கத்தக்கூட இல்லை.

"மெதுவா. பேசாத" என்றாள்.

அவன் பேசினான். குரல் குரலாக வரவில்லை. "இருட்டுல திடீர்னு போன்ல வெளிச்சம் வந்துச்சு. நேத்துதான் தலை அதுவரை எட்டுச்சு. ரிசப்ஷன் பட்டனைத் தாடையால அழுத்தினேன். அவன் வர்ற சத்தம் கேட்டா, தலையணையைத் தலையால முட்டி அது மேல தள்ளிருவேன். இன்னைக்கு நீங்க அணைச்சப்போ…" மூச்சு வாங்கினான். "அவன் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு போனைத்தான் பாத்தான். என்னைப் பாக்கவே இல்ல. ரொம்ப நேரம் போனையே பாத்தான். கோர்ட்டு முடியட்டும்னு சொல்லிட்டுப் பூட்டிட்டான்."

ஆசிக் வாசலில் வந்து நின்றான். உடம்பெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம். ஏட்டு கொடுத்த தண்ணீர் பாட்டிலை ஆதமின் வாயில் வைத்தான். பாதித் தண்ணீர் தாடியில் வழிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் பாய். ஆம்புலன்ஸ் கீழ வந்துருச்சு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமா."

ஆதம் கட்டிலைப் பிடித்து எழ முயன்றான். முடியவில்லை. முத்துவடிவும் ஆசிக்கும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அவன் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கண் மட்டும் கதவுக்கு வெளியே, ஏட்டுகளுக்கு நடுவே படியிறங்கிப் போகும் வெள்ளை வேட்டியின் மேல் இருந்தது.

"சனோபருக்கு போன் போட்டு ஒண்ணு சொல்லணும் தம்பி."

"சொல்லுங்க பாய். உயிரோட இருக்கீங்கன்னு சொல்லுதேன்."

"அதையும் சொல்லு. பீரோவுல என் வெள்ளைச் சட்டை இருக்கும். இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லு. நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போகணும்."